தலையில் அடிபட்டவனை யார் உட்கார வைப்பது?

போன இதழில் கபடிப் போட்டிகளில் பிள்ளைகள் அடிபடுவதைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். ஆளோடு ஆள் மோதுகிற விளையாட்டுகளுக்குக் கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டும் என்றுதான் எழுதினேன், வேறொன்றும் இல்லை. அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் பாதிப் பேர் கும்பிடுகிறார்கள், பாதிப் பேர் ஏசுகிறார்கள். அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதற்கு மட்டும் பதில். ஓய்வூதியம் பற்றிக் கேட்டிருந்த இரண்டு பேரும் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மாஸ்டர், என் மகனுக்கு 15 வயது. பாடசாலைக் கபடி அணியில் இருக்கிறான். போன செவ்வாய்க்கிழமை பயிற்சியில் ஒருத்தனைப் பிடிக்கப் போய் இன்னொரு பிள்ளையோடு மண்டை மோதிக்கொண்டானாம். மயக்கம் போடவில்லை, இரத்தமும் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து தலை வலிக்கிறது, வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது என்கிறான். சொன்னதையே திரும்பச் சொல்கிறான். சனிக்கிழமை வலய மட்டப் போட்டி. கட்டாயம் வரவேண்டும் என்று சேர் சொல்லியிருக்கிறார். இவன் அப்பாவும் ஆம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு அடியா என்கிறார். நான் என்ன செய்ய?
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, கடிதம் கிடைத்த அன்றே நீங்கள் எழுதியிருந்த இலக்கத்துக்கு எடுத்து, சனிக்கிழமை அனுப்ப வேண்டாம், முதலில் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன், உங்களைப் போல இன்னும் எத்தனையோ தாய்மார் இருப்பார்கள்.

மயக்கம் வரவில்லையா, அப்படியென்றால் ஒன்றுமில்லை என்று நம் பக்கத்தில் எல்லோரும் நினைக்கிறோம். டொக்டர்கள் கன்கஷன் என்று சொல்கிற மூளை அதிர்வில் பெரும்பாலானவர்களுக்கு மயக்கமே வருவதில்லை. பீலியிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டு வரும்போது கால் தடுக்கிச் சட்டென்று நின்றால் வாளி நின்றுவிடும், தண்ணீர் நிற்காது, ஒரு பக்கம் ஏறி அடித்து மறுபக்கம் தளும்பும். மண்டைக்குள் மூளையும் அப்படித்தான். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. தலைவலி, கண்கூச்சம், தலைசுற்று, மந்தம், கேட்டதையே திரும்பக் கேட்பது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, தூக்கம் கெடுவது எல்லாம் அதன் அடையாளங்கள். உங்கள் கடிதத்திலேயே மூன்று இருக்கிறது.

முதல் அடி ஆறுவதற்குள் விழுகிற இரண்டாவது அடிதான் பெரிய பயம். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் வளர்கிற பிள்ளைகளுக்கு நடந்தால் மூளை திடீரென்று வீங்கி உயிரையே கொண்டுபோய்விடும். 2011 இல் வட அயர்லாந்தில் பாடசாலை றக்பி விளையாடிய 14 வயதுப் பையன் ஒருவன் அப்படித்தான் இறந்தான். ஒரே ஆட்டத்தில் அடிபட்டும் திரும்பத் திரும்ப விளையாடியிருக்கிறான். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 2006 இல் 13 வயதுப் பையன் முதல் பாதியில் தலையில் அடிபட்டு, கொஞ்சம் ஓய்வெடுத்து, இரண்டாம் பாதியில் மறுபடி இறங்கி, ஆட்டம் முடிந்ததும் விழுந்தான். உயிர் பிழைத்தான், ஆனால் எழுந்து நடக்கவே வருடக்கணக்காயிற்று. அவன் பெயரால் 2009 இல் அங்கே லிஸ்டெட் சட்டம் வந்தது: மூளை அதிர்வு என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும், தகுதியுள்ள ஒருவர் எழுத்தில் தந்தால்தான் திரும்ப இறக்கலாம். ஐந்தாறு வருடத்துக்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இதைப் போன்ற சட்டம் வந்துவிட்டது.

சரி, இப்போது என் கதை. இதை இவ்வளவு காலம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம்தான்.

தொண்ணூறுகளில் ஒரு தோட்டப் பாடசாலையில் உடற்கல்வி எடுத்துக்கொண்டிருந்தேன். கோட்ட மட்டக் கபடி இறுதிப் போட்டி, கடைசி ஐந்து நிமிடம், எங்கள் பிள்ளைகள் ஒரு புள்ளி பின்னால். அணியில் கெட்டிக்காரன் ஒருத்தன், பாடிப் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டான். அவனை மூன்று பேர் சேர்ந்து அமுக்கியதில் தலை தரையில் இடித்தது. எழுந்து நின்று என்னைப் பார்த்து, "மாஸ்டர், நாம எந்தப் பக்கம்?" என்று கேட்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா? முகத்தில் தண்ணீர் அடித்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "அந்தப் பக்கம், போடா" என்று கையைக் காட்டினேன். இரண்டு புள்ளியில் வென்றோம். கிண்ணம் வாங்கும்போது, "நாம வென்றோமா மாஸ்டர்?" என்று மூன்று தடவை கேட்டான். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். திரும்பி வரும்போது லொறியில் வாந்தி எடுத்தான். வளைவுப் பாதை, அதனால்தான் என்றேன்.

செத்துப்போகவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் இரண்டு மாதம் தலைவலி என்று வகுப்புக்கு வரவில்லை, புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடுகிறது என்றான், அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை போய்விட்டது. அடிபட்டதால்தான் போனது என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. இப்போது த்ரீவீல் ஓட்டுகிறான், எங்கே கண்டாலும் நிறுத்தி ஏற்றிக்கொள்வான், காசு வாங்க மாட்டான். அந்த அன்புதான் எனக்குத் தாங்க முடியாத தண்டனை.

இதை எழுதுவது உங்கள் மகனின் சேரைக் குறை சொல்ல இல்லை. அவர் கெட்டவராக இருக்க மாட்டார், நானும் கெட்டவன் இல்லை. ஆனால் வெற்றி தேவைப்படுகிற ஆள்தான், பிள்ளை விளையாடலாமா கூடாதா என்றும் தீர்மானிக்கிறார் பாருங்கள், கோளாறு அங்கேதான் இருக்கிறது. கிண்ணம் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது என் கண்ணுக்கு அந்தப் பையனின் கண் தெரியவில்லை. அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன். நல்லவர்களுக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் சட்டம் தேவைப்படுகிறது.

வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: கால் முறிந்தால் ஆம்பளப் பிள்ளையையும் கட்டுப்போட்டு உட்கார வைக்கத்தானே செய்வோம்? மூளைக்குக் கட்டுப் போட முடியாது, ஓய்வு மட்டும்தான் கொடுக்கலாம். முதல் ஒன்றிரண்டு நாள் நன்றாக ஓய்வு, போனையும் டிவியையும் குறைத்து. அப்புறம் மெதுவாக நடை, படிப்பு, பாடசாலை, பிறகு தனியே ஓட்டம், பிறகு ஆள் மோதாத பயிற்சி, கடைசியாகத்தான் கபடி, அதுவும் டொக்டர் சரி என்ற பிறகு. நடுவில் தலைவலி திரும்பினால் ஒரு படி பின்னுக்கு. பிரித்தானியாவில் 2023 இல் வந்த வழிகாட்டலின்படி சாதாரண விளையாட்டுக்காரர்கள் 21 நாளைக்குள் போட்டிக்குத் திரும்பவே கூடாது. மூன்று வாரம், அவ்வளவுதான். அடுத்த வருடமும் வலயப் போட்டி நடக்கும்.

இன்னொன்றையும் எல்லோரும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்ப முடியாத தூக்கம் என்றால், வலிப்பு வந்தால், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், கைகால் மரத்தால், காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல வடிந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 1990 சுவசெரியவுக்கு அடியுங்கள், அது இலவச அம்புலன்ஸ். முதல் இரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள். டிஸ்பிரின் கொடுக்காதீர்கள், உள்ளே இரத்தக் கசிவு இருந்தால் அது கூட்டிவிடும். கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி நிறுத்தவும் வேண்டாம், அப்படியே படுக்க விட்டு ஆள் வரும்வரை தலையை அசையாமல் பாருங்கள். மண்டையில் சித்தாலேப தேய்த்துவிட்டு அனுப்பிய காலம் போதும்.

கேள்வி: விதி விதி என்று சொல்லி விளையாட்டையே சாகடிக்கப் போகிறீர்கள். மோதினால்தான் றக்பி, அமுக்கினால்தான் கபடி. அடிபடப் பயமாக இருந்தால் கெரம் விளையாடட்டும். இப்படியே போனால் எல்லாம் பெண்பிள்ளைகள் விளையாட்டாகிவிடும்.
– ஓர் இளைஞர், ஹட்டன்

பதில்: தம்பி, கெரத்தை ஏன் இழுக்கிறீர்கள், அதில் நகம் பெயர்ந்தவர்களைக் கேளுங்கள்! பெண்பிள்ளைகள் விளையாட்டு என்ற பேச்சுக்கு, கீழே தலவாக்கலையிலிருந்து வந்திருக்கிற கடிதத்தைப் படியுங்கள், அந்தப் பிள்ளை உங்களைப் பந்தோடு சேர்த்துக் கடைந்துவிட்டுப் போய்விடும்.

நீங்கள் சொல்கிற கபடியிலேயே எத்தனை பாதுகாப்பு விதி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? பாடி வருகிறவனின் வாயைப் பொத்தக் கூடாது. முடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. இரண்டு காலையும் கத்தரி மாதிரிப் போட்டு மடக்கக் கூடாது. நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் சங்கிலி கூடாது. நம் தாத்தாமார் லயத்து முற்றத்தில் சடுகுடு விளையாடிய காலத்தில் இதில் பாதி கிடையாது. இதெல்லாம் வந்ததால் கபடி செத்ததா? 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுக்குப் போயிற்று.

குத்துச்சண்டைக்குக் கையுறை, மூன்று நிமிடச் சுற்று, பத்து எண்ணும் வழக்கம் எல்லாம் 1867 இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளோடு நிலைபெற்றவை. அதற்கு முன் வெறுங்கையால் அடித்துக்கொண்டார்கள். அமெரிக்கக் கால்பந்தில் 1905 ஆம் ஆண்டில் மட்டும் குறைந்தது 18 பேர் செத்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய பல்கலைக்கழகக்காரர்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டு இதைச் சரிசெய்யுங்கள் என்றார். அடுத்த வருடம் பந்தை முன்னால் எறியலாம் என்று விதியை மாற்றினார்கள், கூட்டமாக முட்டி மோதுவது குறையட்டும் என்று. அன்றைக்கும் உங்களைப் போல ஆட்கள் விளையாட்டு செத்துவிட்டது என்றுதான் கத்தினார்கள். இன்றைக்கு அந்த எறிதலைப் பார்க்கத்தான் அரங்கு நிறைகிறது.

றக்பிக்கு வருவோம், நம் மலைநாட்டோடு ஒட்டிய விளையாட்டு அது. வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்தது. தரவளையிலும் ரதல்லையிலும் அவர்கள் விளையாட நம் ஆட்கள் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். கண்டியில் கிங்ஸ்வூட் கல்லூரி 1891 இலேயே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது, டிரினிட்டிக்கும் ரோயலுக்கும் நடக்கிற பிரட்பி கேடயம் 1945 இலிருந்து ஓடுகிறது. இவ்வளவு வேரூன்றிய விளையாட்டு, கழுத்துக்கு மேலே டெக்கல் (பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்துவது) போட்டால் சிவப்பு அட்டை என்றவுடன் சாய்ந்துவிடுமா? 2017 ஜனவரியில் உலக றக்பி அமைப்பு உயரமான டெக்கலுக்குத் தண்டனையைக் கடுமையாக்கியது. 2023 இல் இங்கிலாந்து தன் கீழ்மட்டக் கழகங்களுக்கு நெஞ்செலும்புக்குக் கீழேதான் டெக்கல் என்று வைத்தது. ஏன் இவ்வளவு அவசரம் என்றால், ஸ்டீவ் தொம்சன் என்று ஒருவர், 2003 இல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்து அணியில் முன்வரிசை ஆள், நாற்பத்திரண்டு வயதில் மறதி நோய் என்று 2020 இல் வெளியே சொன்னார். கிண்ணம் வென்ற ஆட்டமே ஞாபகத்தில் இல்லையாம். அதைப் படித்த அன்று, "நாம வென்றோமா மாஸ்டர்?" என்ற குரல்தான் என் காதில் கேட்டது.

கிரிக்கெட் பார்ப்பீர்கள்தானே? 2019 லோர்ட்ஸ் டெஸ்டில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் போட்ட பந்து அவுஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. சோதித்துப் பார்த்தார்கள், தேறினார், திரும்ப வந்து துடுப்பெடுத்தாடினார். மறுநாள் காலையில்தான் அடையாளங்கள் தெரிந்தன, அவருக்குப் பதிலாக லபுஷேன் வந்தார், டெஸ்டில் முதல்முறையாக அப்படி ஒரு மாற்று ஆள். உலகத்தரத்து வைத்தியர்கள் பக்கத்தில் இருந்தும் முதல் நாள் பிடிபடவில்லை. நம் தோட்டத்து மைதானத்தில் விசிலும் தண்ணீர்ப் போத்தலுமாக நிற்கிற ஒரு மாஸ்டர் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாரா?

கேள்வி: மகன் றக்பி பழகுகிறான். நல்ல தலைக்கவசம் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் கவலையில்லைதானே?
– ஒரு தகப்பன், கண்டி

பதில்: இல்லை. றக்பியில் போடுகிற அந்த மெத்தைத் தொப்பி காது கிழியாமல், தோல் வெடிக்காமல் காக்கும். மேலே சொன்ன வாளித் தண்ணீர் கதைதான், வாளிக்கு வெளியே துணி சுற்றினால் உள்ளே தளும்புவது நிற்காது. குத்துச்சண்டையில் 2013 இல் ஆண்கள் மேல்மட்டப் போட்டிகளுக்குத் தலைக்கவசத்தையே எடுத்துவிட்டார்கள், 2016 ரியோ ஒலிம்பிக்கில் அது இல்லாமல்தான் மோதினார்கள். கவசம் போட்டவன் தலையை அசட்டையாக நீட்டுகிறான் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. காசு இருந்தால் பல்லுக்கு நல்ல மௌத்கார்ட் வாங்கிக் கொடுங்கள், அது பல்லைக் காக்கும். டெக்கல் போடும்போது தலையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிற பயிற்றுநர் கிடைத்தால் அது எந்தத் தொப்பியையும்விடப் பெரிது.

கேள்வி: குத்துச்சண்டையை ஒரேயடியாகத் தடை செய்தால் என்ன? மற்ற விளையாட்டில் அடி தவறிப் படுகிறது, இதில் அடிப்பதுதானே நோக்கம்?
– ஒரு வாசகர், பதுளை

பதில்: உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்க எனக்கு மனமில்லை. சுவீடன் 1970 இலும் நோர்வே 1981 இலும் தொழில்முறைக் குத்துச்சண்டையைத் தடை செய்தன. பல வருடம் கழித்து இரண்டும் தளர்த்திவிட்டன. 1982 இல் தென்கொரியாவின் கிம் டுக் கூ, ரே மன்சினியோடு பதினாலாவது சுற்றுவரை நின்று விழுந்து சில நாளில் இறந்தார். அதற்குப் பிறகுதான் உலகப் பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறைந்தன, முதலில் ஓர் அமைப்பு, பின்னால் மற்றவை. ஒரு ஆள் செத்த பிறகுதான் மூன்று சுற்றைக் குறைக்க மனம் வந்திருக்கிறது.

ஆனாலும் வளர்ந்த மனிதன், தெரிந்தே, தன் உடம்பை வைத்து ஆடுகிறான் என்றால் அவனைத் தடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கவில்லை. மலை உச்சியில் கயிறு கட்டிக் கல் உடைப்பதும் ஆபத்தான வேலைதான், அதைச் செய்கிறவனை நாம் தடுக்கிறோமா? பிள்ளைகள் விஷயம் வேறு. பதினான்கு வயதில் ஒருவன் தெரிந்து ஒப்புக்கொண்டான் என்று சொல்வது பொய். அவன் ஒப்புக்கொள்வது சேருக்காக, அப்பாவுக்காக, பஸ்ஸில் கூட வருகிற பையன்களுக்காக. அதனால் பெரியவர்களுக்கு விதி, பிள்ளைகளுக்கு இன்னும் கடுமையான விதி, தடை எதற்கும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. வேறு கட்சிக்காரர்கள் எழுதலாம்.

கேள்வி: எனக்கு 16 வயது. பாடசாலை உதைபந்தாட்ட அணியில் நடுக்களத்தில் ஆடுகிறேன். தலையால் பந்தை அடித்தால் மூளை கெட்டுவிடும் என்று பாட்டி பயமுறுத்துகிறார். உண்மையா?
– ஒரு மாணவி, தலவாக்கலை

பதில்: பாட்டி முழுதாகப் பிழையில்லை, மகள். இங்கிலாந்துக்கு ஆடிய ஜெஃப் ஆஸ்ல் தலையடிக்குப் பேர்போனவர், 2002 இல் 59 வயதில் மறதி நோயோடு இறந்தார். அது தொழிலால் வந்த நோய் என்றே மரண விசாரணையில் தீர்ப்பானது. 2019 இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் ஸ்கொட்லாந்தின் பழைய தொழில்முறை வீரர்கள் ஏழாயிரத்துச் சொச்சம் பேரின் மரணங்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள், மூளைத் தேய்வு நோய்களால் இறக்கிற வாய்ப்பு மூன்றரை மடங்கு என்று வந்தது. ஆனால் அவர்கள் வருடக்கணக்காக, தினமும், தொழிலாகவே ஆடியவர்கள். நீங்கள் வாரத்தில் இரண்டு நாள் ஆடுகிறீர்கள்.

பயந்து விட்டுவிட வேண்டாம். அமெரிக்காவில் 2015 இல் 10 வயதுக்கும் அதற்குக் கீழும் தலையடியே கூடாது என்றார்கள், இங்கிலாந்தில் 2020 இல் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் பயிற்சியில் நிறுத்தினார்கள். உங்கள் வயதில் விளையாடலாம், பயிற்சியில் இருபது முப்பது தடவை சும்மா அடித்துப் பழகுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதிகம் ஊதிக் கல்லாக இருக்கிற பந்து வேண்டாம். பந்தைவிட, பந்துக்குப் பாய்கிற இன்னொரு தலைதான் ஆபத்து, முழங்கையும்தான். பாட்டியை ஒரு நாள் ஆட்டம் பார்க்கக் கூட்டி வாருங்கள், நீங்கள் கோல் அடித்தால் பயம் பாதி போய்விடும்.

கேள்வி: நீங்கள் சொல்வதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. என் பாடசாலையில் 300 பிள்ளைகள், உடற்கல்விக்கு ஆளே இல்லை, விஞ்ஞானம் படிப்பிக்கிற நான்தான் பொறுப்பு. வைத்தியர் இல்லாமல், அம்புலன்ஸ் இல்லாமல் போட்டி நடத்தக் கூடாது என்று சட்டம் வந்தால் கொழும்பு, கண்டிப் பெரிய பாடசாலைகள் நடத்தும், எங்கள் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். அதுதான் உங்கள் ஆசையா?
– ஓர் ஆசிரியை, ஹப்புத்தளை

பதில்: டீச்சர், வந்த கடிதங்களிலேயே எனக்குத் தூக்கம் கெடுத்த கடிதம் உங்களுடையதுதான். ஏசி எழுதியவர்கள் யாரும் இந்த இடத்தைத் தொடவில்லை.

காசு செலவாகிற விதியைப் போட்டால் அது ஏழைப் பிள்ளையை மைதானத்திலிருந்து துரத்துகிற விதியாகத்தான் முடியும், சந்தேகமே இல்லை. லயத்துப் பிள்ளைக்குப் பெயர் வாங்க இருக்கிற இரண்டு மூன்று வழிகளில் விளையாட்டு ஒன்று, அதை அடைக்கிற எந்தச் சட்டத்துக்கும் நான் கை தூக்க மாட்டேன். அதனால் நான் கேட்கிற விதி காசில்லாத விதி. தலையில் அடிபட்டு நடத்தையில் ஒரு மாற்றம் தெரிந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தது. யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம், சந்தேகமே போதும். வெளியே எடு என்று சொல்கிற அதிகாரம் பயிற்றுநரிடம் இருக்கக் கூடாது. அந்த அணியோடு சம்பந்தமில்லாத ஒரு பெரியவரிடம், மத்தியஸ்தரிடமோ மற்றப் பாடசாலை டீச்சரிடமோ இருக்க வேண்டும். வெளியே எடுத்தால் மாற்று ஆள் இறக்கலாம், புள்ளி குறையாது. இந்தக் கடைசி வரியை வைக்காவிட்டால் யாருமே எடுக்க மாட்டார்கள், நான் எடுக்காத மாதிரி. பெயரையும் திகதியையும் கொப்பி ஒன்றில் எழுதி, பெற்றோரிடம் சொல்லி அனுப்ப வேண்டும். ஒரு கொப்பி என்ன விலை?

பயிற்றுநர்களுக்கும் மத்தியஸ்தர்களுக்கும் சொல்லிக்கொடுப்பது மட்டுமே எவ்வளவு செய்யும் என்பதற்கு நியூசிலாந்து நல்ல சாட்சி. 2001 இலிருந்து அங்கே றக்பிப் பயிற்றுநர், மத்தியஸ்தர் எல்லோரும் வருடா வருடம் பாதுகாப்புப் பாடம் எடுத்தே ஆக வேண்டும் என்று வைத்தார்கள். அதற்கு முந்தைய கணக்குப்படி 2005 வரையிலான ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 19 பேருக்கு முதுகுத்தண்டு நிரந்தரமாகச் சேதமாகியிருக்க வேண்டும். எட்டுப் பேருக்குத்தான் ஆனது. இரண்டு அணியும் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளுகிற ஸ்க்ரமில் மட்டும் ஒன்பதை எதிர்பார்த்த இடத்தில் ஒன்று. யாரும் புது இயந்திரம் வாங்கவில்லை, கழுத்தை எப்படி வைப்பது, எப்படி மெதுவாக இணைவது என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

நம் நாட்டில் 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் இருக்கிறது, சங்கங்களை யார் பதிவு செய்வது, யார் நடத்துவது என்பதுதான் அதன் பெரும் கவலை. நாற்காலிச் சண்டைக்கு அது உதவும், ஹப்புத்தளையில் விழுந்த பிள்ளைக்கு உதவாது. கல்வி அமைச்சிலிருந்து ஒரே பக்கத்தில் ஒரு சுற்றுநிரூபம், தமிழில் ஒழுங்காக எழுதி, மேலே சொன்ன நாலு வரியோடு வந்தால் எனக்குப் போதும். அதுவரை நீங்களே உங்கள் அதிபரிடம் பேசிப் பாடசாலை அளவில் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

மைதானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மைதானங்கள் மலையை வெட்டி எடுத்தவை, ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலைக்குள் சரிவு. எல்லைக்கோட்டைக் கானுக்குப் பக்கத்தில் போடாதீர்கள், இரண்டு மூன்று மீற்றர் உள்ளே தள்ளிப் போடுங்கள், மைதானம் சிறிதானால் ஆகட்டும். ஆட்டத்துக்கு முன் பிள்ளைகளை வரிசையாக நடக்கவிட்டுக் கல் பொறுக்குங்கள். கோல் கம்பம் நிலத்தில் ஊன்றியிருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள், சாய்ந்து விழுகிற கம்பம் எந்த டெக்கலையும்விட மோசம். மிஸ்ட் இறங்கிப் பந்து தெரியவில்லை என்றால் நிறுத்துங்கள், பரிசு கொடுக்க வந்த விருந்தினர் காத்திருக்கட்டும். போனில் சிக்னல் எந்த மூலையில் கிடைக்கும் என்று முதலே பார்த்து வையுங்கள், நம் பக்கத்தில் ஒரு பாறைமேல் ஏறினால்தான் கிடைக்கும். ஒரு த்ரீவீல்காரரை ஆட்டம் முடியும்வரை நிற்கச் சொல்லுங்கள், டீயும் வடையும் கொடுத்தால் நிற்பார். எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், காசும் வாங்க மாட்டார்.

கேள்வி: கயிறிழுத்தலில் யாரும் யாரையும் தொடுவதே இல்லை. அதற்கும் விதி போடுவீர்களா மாஸ்டர்?
– ஒரு குறும்புக்காரர், நோர்வூட்

பதில்: போடுவேன். 1997 இல் தைப்பேயில் 1,600 பேர் சேர்ந்து இழுத்தபோது கயிறு அறுந்து இரண்டு பேருக்குக் கையே போயிற்று, பிறகு ஒட்டவைத்தார்கள். ஒழுங்கான போட்டியில் பக்கத்துக்கு எட்டுப் பேர்தான். பொங்கல் விளையாட்டில் தோட்டமே இரண்டாகப் பிரிந்து இழுப்பதைப் பார்த்திருக்கிறேன், கொழுந்து மூட்டை கட்டிய பழைய கயிற்றில். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தடித்த புதுக் கயிறு வாங்குங்கள், கையில் சுற்றிக்கொண்டு இழுக்க யாரையும் விடாதீர்கள். வழுக்குமரத்துக்குக் கீழே வைக்கோல் போடுவதை நீங்களே செய்வீர்கள் என்று நம்புகிறேன்.